பாக்கெட்டில் அடங்காத சாவி

எங்கள் டீச்சர் எதையும் பொறுப்பான ஆள் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் வாயே திறக்காதவரைப் பேசச் சொல்லுவார். பொய் சொல்லுகிறவன் என்று பேர் எடுத்த பையனிடம் வருகைப் பதிவைக் கொடுத்து, "நீயே பேரு கூப்பிட்டு எழுது மக்களே, எனக்குக் கண்ணு பிடிக்கல்ல" என்பார். அவர் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. சந்தின் அந்தக் கோடியில் வருகிற பிள்ளையின் முகம் வாடியிருந்தால் மாடி ஜன்னலில் இருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

டீச்சர் என்று கூப்பிட்டோமே தவிர, அவர் பாடம் நடத்தியது கிடையாது. பாடம் நடத்த வேறு ஆட்கள் வந்தார்கள். கணக்குக்கு பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார், மலையாளத்துக்கு ஒரு கல்லூரிப் பெண், இப்படி. டீச்சருடைய வேலை அந்தப் பிள்ளைகளை அந்த அறைக்குக் கொண்டுவருவதும், வந்தவர்கள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமலேயே படிப்பு முடிந்துபோகும் என்று பள்ளிக்கூடங்கள் கைவிட்ட பிள்ளைகளுக்காக நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய வகுப்பு அது. வலியசாலையிலிருந்து சந்தைக்குப் போகிற ஒரு சந்தில், அரிசி மண்டிக்கு மேலே ஒரு நீள அறை. வெளிப்பக்கமாக ஏறிப்போகிற மரப்படி. எப்போதும் அரிசித் தவிட்டு வாசனை அடிக்கும். என் மகளின் நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்த வாசனை இருந்தது.

டீச்சர் உயரமான ஆள். காட்டன் புடவையும் காலில் ஆண்கள் போடுகிற மாதிரி கறுப்பு ஷூவும். அந்த ஷூவைப் பார்த்து சந்தையில் சிரிப்பார்கள். நாள் முழுக்க நடக்கிறவளுக்குச் செருப்பு என்னத்துக்கு என்று அவர் கேட்பார். பூர்வீகம் நாஞ்சில்நாடு. அவருடைய அப்பா ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுத வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பிள்ளைகளிடம் மலையாளத்தில் பேசுவார். என்னிடம் தமிழில் பேசுவார். கோபம் வந்தால் இரண்டும் இல்லாமல் சும்மா இருப்பார்.

நாங்கள் போனக்காட்டிலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்கான வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். எஸ்டேட்டில் வேலை இல்லாமல் போனபிறகு, மாமியாரைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அங்கேயே இருக்க, நானும் மகள் ரம்யாவும் கரமனையில் ஒரு ஒற்றை அறைக்கு வந்தோம். நான் நைட்டி தைக்கிற இடத்தில் சேர்ந்தேன். அவளை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தேன். நான் படித்ததும் ஒன்பதுவரைதான். அதனால் ஒன்பதைத் தாண்டினால் எல்லாம் தானாக நடக்கும் என்று ஒரு எண்ணம் எனக்கு.

தானாக நடக்கவில்லை. தினமும் யூனிஃபார்ம் போட்டு பஸ் ஏறியவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கிழக்கேகோட்டையில் இறங்கி, அங்கே ஒரு பேக்கரியில் கூடமாட வேலைக்கு நின்றிருக்கிறாள். பத்தாம் வகுப்பு ஆரம்பித்துச் சில மாதங்கள் கழிந்துதான் எனக்கே தெரிந்தது. கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள், எஸ்டேட்டுக்காரி என்று கூப்பிட்டார்கள், அங்கே என் முகத்தை யாரும் பார்ப்பதே இல்லை என்றாள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, வருகை போதாது, இந்த வருடம் எழுதினால் தோற்பாள், நிறுத்திவிட்டு அப்புறம் பார்க்கலாமே என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் தப்பாக நினைக்கக்கூடாதே என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு மழைநாள் சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தையல் ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த டீயை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனக்காட்டில் இப்போதும் ஆனை இறங்குமா, அட்டைக்கடிக்கு என்ன தேய்ப்பீர்கள் என்றெல்லாம் கேட்டார். ரம்யா திரைக்குப் பின்னால் இருந்தாள். எழுந்து புறப்படும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் விரித்து வைத்திருந்த குடையை மடக்கி உள்ளே சுவரில் சாய்த்தார்.

"இத இங்க வச்சுக்கிடுங்க. நான் வழியில எங்கயாவது மறந்துபோவேன். நாளைக்கி பிள்ளை கொண்டு தரட்டு. அரிசி மண்டிக்கு மேல."

அவ்வளவுதான். குடையை வைத்துவிட்டு அத்தனை மழையிலும் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார். ரம்யா திரையை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"அந்த டீச்சருக்கு வட்டு உண்டும்மா" என்றாள். கிறுக்குக்கு இங்கே பிள்ளைகள் சொல்லும் வார்த்தை அது. ஆனால் ஊரார் குடையை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? மறுநாள் கொண்டு கொடுக்கப் போனாள். போனவள் மத்தியானம்தான் வந்தாள். கணக்கு சார் வந்திருந்தார், சும்மா உட்கார்ந்தேன் என்றாள்.

இந்தக் குடை வேலையை இன்னும் எத்தனை வீட்டில் செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் டிபன் பாக்ஸ், ஒரு வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று பிள்ளைகள் பேசிச் சிரிப்பார்களாம். எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான். நான் மறந்துபோவேன், நீ வச்சுக்கோ. எதையும் மறந்து நான் பார்த்திராத பொம்பிளை அவர்.

எல்லா நேரமும் அது பலித்தது என்று சொன்னால் பொய். ஆட்டோ ஸ்டாண்டில் திரிந்த ஒரு பையனிடம், வகுப்புக்கு என்று யாரோ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவனும் வரவில்லை, டேப்லெட்டும் வரவில்லை. கணக்கு சார் சத்தம் போட்டார். "கொண்டு வருவான்" என்றார் டீச்சர். அவன் வரவே இல்லை. பிறகு ஒரு நாள் சந்தையில் அவன் எதிரே வந்து, டீச்சரைக் கண்டதும் மீன் கடைகளுக்குள் நுழைந்து மறைந்ததை நானே பார்த்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பி, "மெலிஞ்சுபோனான்" என்றார். அடுத்த வாரமே வேறு ஒருத்தனிடம் புளூடூத் ஸ்பீக்கரைக் கொடுத்தனுப்பினார். எனக்கு அது அப்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இப்படியும் ஒரு மனுஷி பட்டும் திருந்தாமல் இருப்பாளா என்று.

எல்லாவற்றிலும் பெரியது சாவி.

மாடி அறைக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தச் சாவியை ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டை அகப்பையின் கைப்பிடியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒரு முழத்துக்குக் குறையாத கட்டை. எந்தப் பாக்கெட்டிலும் போட முடியாது, பையில் வைத்தாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது யார் கையில் இருக்கிறது என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூடத் தெரியும். வகுப்பில் யார் சீக்கிரம் நின்றுவிடுவார் என்று டீச்சருக்குத் தோன்றுகிறதோ, அந்தப் பிள்ளையிடம்தான் அதைக் கொடுப்பார். காலையில் அந்தப் பிள்ளை வந்து திறந்தால்தான் மற்றவர்கள் உள்ளே போகலாம். டீச்சரே முன்னால் வந்துவிட்டாலும் படியில்தான் உட்கார்ந்திருப்பார். பிந்தி வந்தால் திட்டமாட்டார், "ஜன்னலத் திற" என்பார்.

ஐப்பசி மழை விடாத ஒரு நாள் ரம்யா அந்தக் கட்டையோடு வீட்டுக்கு வந்தாள். யாரோ பரிசு கொடுத்த மாதிரி சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். யாருக்கு அதைக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியுமே. அதற்கு முந்தின வாரம்தான் பேக்கரியில் மறுபடியும் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். அதை எப்படி டீச்சர் மோப்பம் பிடித்தாரோ.

ஆனால் பிள்ளை மாறிவிட்டாள். நான் எழுப்ப வேண்டியதே இல்லை. தலைவலி என்றாலும் போவாள். பஸ் ஓடாத ஹர்த்தால் அன்றைக்கும் நடந்தே போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "நான் போகலைன்னா எல்லாரும் வெளியே நிக்கணும்மா" என்று சொல்லுகிறபோது அவள் குரலில் ஒரு சலிப்பு மாதிரி இருக்கும். அது சலிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பரீட்சை நெருங்கிவிட்ட ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் எனக்குத் தலை சுற்றி விழுந்துவிட்டேன். ரம்யா என்னைப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். டிரிப் ஏற்றினார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே போன், அதுவும் வீட்டில் கிடந்தது. கட்டை அவள் மடியில் இருந்தது. நேரம் போகப் போக அவள் அதைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். நான்தான் போ போ என்று விரட்டினேன். ஓடினாள். டிரிப் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். கட்டிலோரம் உட்கார்ந்து கட்டையைத் தரையில் வைத்தாள்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?"

"கதவு திறந்துதான் கெடக்கு. மேல கணக்கு நடக்குது."

"யாரு திறந்தா?"

"அவங்ககிட்ட வேற சாவி உண்டு. முதல்லேயே உண்டு போல. நான்தான் புத்தியில்லாத பொட்டி மாதிரி இதத் தூக்கிட்டு நடந்திருக்கேன்."

நடந்தது இதுதான். அன்றைக்கு டீச்சர் ஊரில் இல்லை. பிள்ளைகளின் பரீட்சைக் காரியமாக நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் சந்தில் வெயிலில் நின்றார்கள். கீழே மண்டி வைத்திருந்த அண்ணாச்சிதான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், இரக்கமுள்ளவர். அறையை வாடகைக்குக் கொடுக்கும்போது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவியைத் தன் மேஜைக்குள் போட்டு வைத்திருந்திருக்கிறார். டீச்சருக்கு அது தெரியாது. பரீட்சை வருகிற நேரத்தில் பிள்ளைகள் வெயிலில் காய்கிறார்களே என்று மேலே போய்த் திறந்துவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். ரம்யா மூச்சிரைக்க ஓடிவந்து படியடியில் நின்றபோது, மேலே எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் அவள் பேக்கரிக்குப் போனாள். கட்டை ஆணியில் தொங்கியது.

சாயங்காலம் டீச்சர் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ரம்யா திரைக்குப் பின்னால்தான் இருந்தாள். டீச்சர் திரையைப் பார்த்துப் பேசினார்.

"வேற சாவி இருக்கது எனக்குத் தெரியாது பிள்ளே."

"டீச்சருக்குத் தெரியாம இருக்குமா?"

டீச்சர் சமாதானம் சொல்லுவார், சத்தியம் செய்வார் என்று நான் காத்திருந்தேன்.

"செரி. நம்பாண்டாம்" என்றார். "ஆனா சாவி அங்கயே தொங்கட்டு. நீ வராம நான் அந்தக் கதவத் திறக்கமாட்டேன்."

டீயை வழக்கம்போல ஊதிக் குடித்துவிட்டுப் போனார்.

திறக்கவே இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வகுப்பு அந்த மரப்படியில் நடந்தது. கணக்கு சார் சுவரில் சாக்பீசால் எழுதினார். மண்டிக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைத் தாண்டிப் போனார்கள். அண்ணாச்சி சாவியோடு வந்து கெஞ்சினாராம். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இதெல்லாம் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி வந்து சொன்னது. ரம்யா கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள். காலையில் பேக்கரி.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் பிள்ளை ஒருத்தியால் இத்தனை பிள்ளைகள் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் நியாயம் கேட்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குக் காலையில் ரம்யா கடைக்குப் போனபிறகு, ஆணியிலிருந்து கட்டையை எடுத்துத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு போனேன். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. அவள் படிப்பு போனால் போகட்டும், மற்ற பிள்ளைகளாவது எழுதட்டும். அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

மண்டி வாசலில் பெற்றவர்கள் நின்றார்கள். டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார். சந்தையில் சுமை தூக்குகிற ஒருவர்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார். ஒரு குட்டிக்கு வேண்டி இத்தனை குட்டிகளும் தெருவில் இருக்கணுமா, பரீட்சைக்கு என்ன ஆகும், அந்தக் குட்டியின் வீட்டில் கேட்க ஆளில்லையா. அந்தக் குட்டியின் வீடு நான்தான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. மாதக் கூட்டங்களில் கதவோரம் நின்றுவிட்டுப் போகிறவள் நான். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு போய்த் துணிப்பையை டீச்சரிடம் நீட்டினேன். உள்ளே என்ன என்பது கட்டை நீட்டிக்கொண்டிருந்ததிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

டீச்சர் கை நீட்டவில்லை.

"இது உங்களுக்குத் தந்ததில்லல்லா. பிள்ளைக்குத் தந்தது" என்றார். பிறகு தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "எனக்குத் தொண்ட கெட்டிப்போச்சு. அண்ணைக்கி என்ன நடந்துதுன்னு நீங்களே இவங்ககிட்டச் சொல்லுங்க."

அதைச் சொன்ன குரல் மணி அடித்த மாதிரி இருந்தது. தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் தலையாட்டிவிட்டு வந்தவள் நான். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"என் மக அன்னைக்கு வந்தா. எனக்கு டிரிப் ஏத்திக்கிட்டு இருந்துச்சு, விட்டுட்டு ஓடிவந்தா. கதவு திறந்து கெடந்துச்சு. தான் இல்லைன்னாலும் நடக்குதுன்னு திரும்பிட்டா. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், அவ வந்தாளா இல்லையான்னு யாரும் பாக்கல. இங்க ஒரு இடத்துலதான் அவ இல்லைன்னா கதவு திறக்காது."

சுமைக்காரர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பின்னே அந்தக் குட்டி வரட்டே" என்றார், யாரிடமும் இல்லாமல். அவருடைய மகன்தான் பொய்யன் என்று பேர் எடுத்து, வருகைப் பதிவு எழுதுகிற பையன் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அண்ணாச்சி தன் மேஜைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "பிள்ளையள் வெயில்ல நிக்குதேன்னுதானம்மா திறந்தேன்" என்றார் என்னிடம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் நடந்ததை ரம்யா சொல்லித்தான் கேட்டேன். பேக்கரி திறந்த நேரத்தில் அண்ணாச்சி அங்கே வந்து நின்றிருக்கிறார். வெள்ளை வேட்டியில் தவிட்டுத் தூசியோடு, பப்ஸ் வாங்க வந்தவர்களுக்கு நடுவில். இவள் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வேட்டி மடிப்பிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாராம்.

"இந்தா தாயி. உன் டீச்சருக்குத் தெரியாம எங்கிட்ட கிடந்தது இது. வேற கிடையாது. இனி எனக்கே மேல போணும்னா உங்கிட்டதான் வந்து நிக்கணும்."

ரம்யா சாவியை எடுக்கவில்லையாம். அவரும் போகவில்லையாம். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, எடுக்கிறதென்றால் எடு மோளே, எனக்குப் பஸ் போகும் என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் ரம்யா சிரித்தாள்.

அவள் பேக்கரியின் சிவப்பு ஏப்ரனோடு, அண்ணாச்சி கொடுத்த சாவியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆணியிலிருந்து கட்டையை எடுத்தாள். நான் தையலை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன், சந்துமுனைவரை. படியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இவளைக் கண்டதும் ஒவ்வொருத்தராகச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். கணக்கு சார் சுவரில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சாக்பீசை ஊதிக்கொண்டிருந்தார். பூட்டு திறக்கிற சத்தம் சந்துமுனையில் எனக்குக் கேட்டது. டீச்சர் கடைசியாக எழுந்து, புடவையில் தூசியைத் தட்டினார்.

"ஜன்னலத் திற பிள்ளே" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ரம்யா கட்டை இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. டீச்சர் சாவியைக் கேட்டு வாங்கி, புதிதாக வந்த ஒரு பையனிடம் கொடுத்துவிட்டாராம். எல்லார் முன்னாலும். அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் கோபம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டீச்சருக்கு நானே போன் போட்டேன்.

"ஏன் டீச்சர், பரீட்சை நேரத்துல பிள்ளை மனச உடைக்கிறீங்க?"

"அவளுக்கு இனி அது வேண்டாம்" என்றார். "நாளைக்கி வாறாளான்னு மட்டும் பாருங்க."

காலையில் ரம்யா ஆணியைப் பார்த்தாள். வெறும் ஆணி. தலையை வாரிக்கொண்டு, வழக்கமான பஸ்ஸுக்கு வழக்கம்போல ஓடினாள். அங்கே போய்ப் படியில் மற்றவர்களோடு உட்கார்ந்து, அந்தப் புதுப் பையன் வந்து திறக்கிறவரை காத்திருந்திருக்கிறாள். அவன் மிகவும் பிந்தித்தான் வந்தான் என்று சாயங்காலம் குறை சொன்னாள்.

பரீட்சை எழுதினாள். கணக்கில் மட்டும் போய், அதையும் அடுத்த தடவை எழுதி ஜெயித்தாள். இப்போது ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். லேபைக் காலையில் திறக்கிறது அவள்தான். அந்தச் சாவி சின்னது, பாக்கெட்டில் அடங்கிவிடும்.

டீச்சர் இப்போது இந்த ஊரில் இல்லை. முழங்கால் முடியாமல் போய், தம்பி குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசுவார். போனக்காட்டில் ஆனை இறங்கியதா என்று கேட்பார். மண்டிக்கு மேலே வகுப்பு நடக்கிறது. அகப்பைக் கட்டை கை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒன்று மட்டும் கை மாறாமல் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் வருகிற முதல் கூட்டத்தில் டீச்சர் ஒவ்வொரு வருடமும் தொண்டையைத் தொட்டுக் காட்டி என்னைப் பேசச் சொல்லுவார். ஊரை விட்டுப் போகிற அன்றைக்கு அவர் யார் யாரிடமிருந்தோ எதை எதையோ வாங்கி வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். என் முறை வருமென்று நானும் கதவோரம் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போன ஜூனிலும் நான்தான் பேசினேன். இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டுதான். முடித்துவிட்டு ஒரு போன் போட்டு, இந்தப் பேசுகிற வேலையை எப்போது டீச்சர் என்னிடமிருந்து வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பாப்போம்" என்றார். "அடுத்த கூட்டத்துக்கும் போங்க."